தோலா, எலும்பா?

செலாயாங் பாருவின் கடைவீட்டு வரிசையில் மாலை நேரத்தில் நடந்து போகும்போது, ஓரமாக நிற்கும் கார்களின் இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். மைவி, சாகா, எக்ஸ்50 என்று எதுவானாலும், பல கார்களின் முன் ரிம் விளிம்பில் ஒரு சுரண்டல் இருக்கும். பூச்சு உரிந்து, அடியிலிருக்கும் அலுமினியம் சாம்பல் நிறத்தில் தெரியும். அப்படியே பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சாயம் அடித்த ஓரக்கல்லையும் பாருங்கள். அதே உயரத்தில் வெள்ளிக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்திருக்கும். ஒவ்வொரு கோடும் யாரோ ஒருவருடைய காரின் தோல்.

என் கோடும் அங்கே இருக்கிறது. சனிக்கிழமை இரவு, தோசைப் பொட்டலம் வாங்க இரண்டு நிமிடம் நிறுத்தலாம் என்று வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் வந்த லாரி விளக்கடித்து அவசரப்படுத்தியது. இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம் என்று ஒடித்ததில், சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஒரு சத்தம். இறங்கிக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். முன் இடது ரிம்மின் விளிம்பு உள்ளங்கை நீளத்துக்கு உரிந்து, விரலால் தடவினால் குத்துகிற அளவுக்குச் சிறு முட்களாக நின்றது. காரை இரண்டாம் கையாக வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அன்று இரவு தோசை இறங்கவில்லை.

மறுநாள் நண்பர்களிடம் சொன்னபோது ஆளுக்கொரு கதை வந்தது. ஒருவர் ஸ்பிரே டப்பா வாங்கி அடித்துவிடச் சொன்னார். இன்னொருவர் அப்படியே விட்டுவிடு, அடுத்த வாரம் மறுபடியும் உரசத்தானே போகிறாய் என்றார். மூன்றாமவர் மட்டும் பத்துமலைக்குப் போகும் வழியில், தொழிற்பேட்டைக்குள் இருக்கும் ஒரு சிறிய பட்டறையைச் சொன்னார். "அங்க போ. ஆனா போன்ல வெல கேக்காத. கழட்டிப் பாக்காம அவரு வெல சொல்ல மாட்டாரு" என்றார். நான் அதைக் கடைக்காரரின் கெடுபிடி என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையே அந்த ஒரு பழக்கத்தைப் பற்றியதுதான்.

முதலில், ஏன் எப்போதும் இடது பக்கமே அடிபடுகிறது? நம் நாட்டில் வண்டி சாலையின் இடப்பக்கம் ஓடுகிறது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கிறது. ஆக, ஓட்டுபவரின் கண்ணுக்கு எட்டாத மூலையும், ஓரக்கல்லுக்கு மிக அருகில் போகும் மூலையும் ஒன்றே. ஜேபிஜே ஓட்டுநர் தேர்வில் பக்கவாட்டு நிறுத்தம் இருக்கிறது. ஆனால் அங்கே நட்டிருப்பவை கம்புகள். கம்பு இடிபட்டால் தேர்வு போகும், ரிம் போகாது. ஓரக்கல்லோடு நமக்கு முதல் பழக்கம் உரிமம் வாங்கிய பிறகுதான்.

பின் சக்கரத்தின் கதை வேறு. திருப்பத்தில் பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன தடத்திலேயே போவதில்லை. உள்பக்கமாகக் குறுக்கே வெட்டிப் போகும். இடது பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் தப்பித்துவிட்டது என்று நாம் மூச்சு விடுவதற்குள், பின் சக்கரம் முனைக்கல்லைத் தேய்த்துவிட்டிருக்கும். பள்ளிக்கூட வாசல், தாமானின் குறுகிய லோரோங், கடைவீட்டுப் பின்சந்து எல்லாம் இதற்குப் பேர்போன இடங்கள்.

வலப்பக்க ரிம்முக்குச் சாலைக் கட்டணச் சாவடி. 1997-இல் டச் என் கோ அட்டை வந்ததிலிருந்து நாம் கையை நீட்டி அட்டையைத் தொடவைத்துப் பழகிவிட்டோம். டியூக், லாத்தார் நெடுஞ்சாலைகளில் காலை அவசரத்தில் கை எட்டாமல் போனால் பின்னால் ஹாரன் அடிப்பார்கள் என்ற பயத்தில் சாவடியை ஒட்டிப் போகிறோம். சாவடியின் சிமெண்டுத் திட்டு காத்திருக்கிறது. பேரங்காடி நிறுத்துமிடத்தின் நுழைவாயிலிலும் இதே கதை. அந்தத் திட்டுகளில் சுரண்டிய கோடுகளைப் பார்த்தால், கை எட்டாத மனிதர்கள் எத்தனை பேர் என்பது தெரியும்.

இன்னொரு காரணம் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கிறது. மைவி 1.3-இல் வரும் 175/65 ஆர்14 டயரை எடுத்துக்கொள்வோம். 175 மில்லிமீட்டர் அகலத்தில் 65 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 114 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம். அதே மைவி 1.5-இன் 185/55 ஆர்15-இல் இது 102 மில்லிமீட்டர். ஆசைப்பட்டு 17 அங்குல ரிம் மாற்றி 215/45 போட்டால் 97 மில்லிமீட்டர். சுவர் குட்டையாகக் குட்டையாக, ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே மெத்தையாக நிற்கும் ரப்பர் குறைகிறது. அகலமான ரிம்மில் ஒடுங்கிய டயரை இழுத்துப் பொருத்தினால் ரிம் விளிம்பு ரப்பரைத் தாண்டி வெளியே துருத்தும். அப்போது ஓரக்கல்லில் முதலில் படுவது உலோகம்தான். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன் நான். ரப்பர் எதற்காக இருக்கிறது என்பதை மறந்து அழகுக்காக அதைக் குறைத்துக்கொண்டே போவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

இரும்புக்கும் அலாய்க்கும் உள்ள வித்தியாசம்

1985 ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்த காலத்தில் நம் தெருவில் ஓடிய பெரும்பாலான கார்களுக்கு இரும்பு ரிம்தான். மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. உரசினால் மூடி மாற்றிவிடலாம், நெளிந்தால் பட்டறையில் தட்டி நிமிர்த்துவார்கள். 'ஸ்போர்ட் ரிம்' என்பது அப்போது கொஞ்சம் வசதியானவர்களின் ஆசை, இளைஞர்களின் கனவு. இன்று மைவியிலேயே அது தொழிற்சாலையிலிருந்து வருகிறது. பெயர் மட்டும் மாறவில்லை. மலேசியத் தமிழர் வாயில் அது இன்னும் ஸ்போர்ட் ரிம்தான்.

அலுமினிய ரிம்மின் வரலாறு நூறாண்டு தாண்டியது. 1924-இல் பிரான்சின் லியோன் நகரத்துப் பந்தயத்தில் இறங்கிய புகாட்டி டைப் 35 கார் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு வந்தது. எடை குறைய வேண்டும் என்பதே நோக்கம். இன்று சாதாரணக் காருக்கு வரும் ரிம் பெரும்பாலும் ஏ356 என்ற கலவையில் வார்க்கப்படுகிறது. அலுமினியத்தோடு ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கானும் மிகச் சிறிதளவு மக்னீசியமும் சேர்ந்தது. வார்த்த பிறகு அதை 540 டிகிரி செல்சியசை ஒட்டிச் சூடாக்கி, தண்ணீரில் முக்கிக் குளிர்வித்து, பிறகு சுமார் 150, 160 டிகிரியில் சில மணி நேரம் வைத்திருப்பார்கள். இந்த முறைக்கு டி6 என்று பெயர். மாங்காயை வைக்கோலில் போட்டுப் பழுக்க வைப்பது மாதிரி, உலோகத்தைப் பதமாகப் பழுக்க வைக்கிற வேலை இது. ரிம்முக்குப் பலம் கலவையால் மட்டும் வருவதில்லை. இந்தச் சூட்டுப் பதத்தாலும் வருகிறது.

இந்த ஒன்று மனதில் நின்றால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும். ரிம்மின் மேற்பூச்சையும் விளிம்பின் மேல்தோலையும் சுரண்டியெடுத்து மறுபடி பூசுவதால் பதம் கெடாது. அது தோல் வைத்தியம். ஆனால் நெளிந்ததை நெருப்புக் காட்டி நிமிர்த்துவதும், விரிசல் விட்டதை வெல்டிங் வைத்து அடைப்பதும் பதத்தில் கை வைப்பவை. அவை எலும்பில் செய்கிற வேலை. நெருப்பில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இரும்பு சூடேறும்போது சிவக்கும், கொல்லர் நிறத்தைப் பார்த்தே கை நிறுத்துவார். அலுமினியம் உருகும் வரை நிறம் மாறாது. எச்சரிக்காமலே கெட்டுப்போகிற உலோகம் அது.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதில் வெளிப்படையாகவே கோடு போட்டிருக்கிறது. மேற்பூச்சைப் புதுப்பிக்கும் அழகு வேலையை மட்டுமே அது ஏற்கிறது. வெல்டிங், வளைத்தல், நிமிர்த்தல், மறுபடி கடைதல் எதையும் ஏற்பதில்லை. நம் ஊரில் 'ரிம் தட்டி நேராக்கித் தரப்படும்' என்ற பலகையைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்தப் பலகையின் கீழ் வேலை செய்பவர்கள் கைத்திறன் உள்ளவர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கைத்திறனால் டி6 பதத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதற்கு உலை வேண்டும், தண்ணீர்த் தொட்டி வேண்டும், மணிக்கணக்கான நேரமும் அளவும் வேண்டும்.

பட்டறையில் ஒரு பிற்பகல்

பட்டறைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் அலுமினியத் தூள் ஏறி, ரேகைகள் வெள்ளியில் வரைந்தது போல இருந்தன. நான் முன் இடது ரிம்மை மட்டும் காட்டினேன். அவர் நாலு சக்கரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாலையும் கழட்டுவோமா தம்பி? பாக்குறதுக்குக் காசு இல்ல" என்றார்.

டயரைப் பிரித்த பிறகுதான் ரிம்மின் உண்மையான முகம் தெரிகிறது. வெளியே நாம் துடைத்து அழகு பார்க்கும் பக்கம் கொஞ்சம்தான். உள்ளே பீப்பாய் போல நீளும் சுவர் முழுக்கப் பிரேக் தூள் கறுத்து ஒட்டியிருந்தது. பட்டறையில் வேலை பார்க்கும் பையன் சோப்புத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவினான். அமிலம் சேர்ந்த ரிம் கழுவும் திரவங்களை அவர்கள் தொடுவதில்லை. கடுமையான சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டால் முதலில் வலிக்காது, பிறகு எலும்பு வரை இறங்கும். ஒரு பிரேக் தூளைப் போக்க அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

கழுவிய ரிம்மைச் சுழலும் தண்டில் மாட்டி, விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு முள்ளை நிறுத்திச் சுற்றவிட்டார். முள்ளுக்கும் விளிம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுற்று முழுக்க ஒரே மாதிரி இருந்தால் ரிம் நேர். கூடிக் குறைந்தால் நெளிவு. என் முன் இடது ரிம் நேராகச் சுற்றியது. அவர் தலையாட்டினார். "இது சும்மா தோலு. போயிடும்."

அதன் பிறகு செய்தது பொறுமையின் வேலை. முதலில் தட்டை அரத்தால் விளிம்பின் முட்களை மட்டும் சீவினார். வளைவின் போக்கிலேயே அரம் போக வேண்டும், குறுக்கே போனால் விளிம்பு தட்டையாகி, தூரத்திலிருந்தே ஒட்டு வேலை என்று தெரிந்துவிடும். பிறகு 80-ஆம் எண் உப்புத்தாள், அடுத்து 120, 240, 400. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பதற்குத்தான். நடுவில் ஒரு எண்ணைத் தாவினால், பூச்சு காய்ந்த பிறகு அந்தக் கீறல் வெயிலில் எழுந்து நிற்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் விளிம்பைத் தடவினார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விரலுக்குத் தெரியும் என்றார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் சுரண்டல் ஆழமாக இருந்தது. அங்கே பட்டி வைத்தார். இரண்டு பொருளைக் கலந்து வைக்கிற பட்டி அது. இறுக்கும் பசையைக் கொஞ்சம் அதிகமாகக் கலந்தால் சீக்கிரம் காயும், ஆனால் பொடிந்து ஊசித்துளை விடும். அவசரக்காரர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள். அதைவிட முக்கியமாக, பட்டியும் சாயமும் போகக்கூடாத இடங்கள் ரிம்மில் மூன்று உண்டு. டயர் உட்காரும் வளையம், நட் உட்காரும் குழி, அச்சுத் தட்டில் ஒட்டும் பின்முகம். நட் குழியிலும் பின்முகத்திலும் சாயம் தடித்திருந்தால், ஓட ஓட அந்தச் சாயம் நசுங்கும், இறுக்கிய நட் தளரும். அழகாகப் பூசிய ரிம் நெடுஞ்சாலையில் கழன்று ஓடுவதற்கு அது போதும். அந்த இடங்களையெல்லாம் அவர் ஒட்டுத்தாளால் மூடிவிட்டுத்தான் ஸ்பிரே துப்பாக்கியைத் தொட்டார்.

தொடுவதற்கு முன் வெளியே போய் வானத்தைப் பார்த்தார். பத்துமலைப் பக்கம் கறுத்திருந்தது. செலாயாங்கில் பிற்பகல் மழை எப்படி இறங்கும் என்பது இங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். காற்றில் ஈரம் ஏறினால் சாயத்தின் மேலே பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் பூக்கும். "இன்னிக்கு பிரைமர் மட்டும். கிளியர் நாளைக்கு" என்று முடித்துவிட்டார். நான் இரவே வேண்டும் என்று கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்கவில்லை. சுரண்டிய அலுமினியத்தை அப்படியே விடவும் கூடாது. காற்றுப் பட்டதும் அதன் மேல் ஆக்சைடு படலம் படியத் தொடங்கும், அதனால் பிரைமரை அன்றே வைத்தாக வேண்டும். மழைக்கும் ஆக்சைடுக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் செய்கிற வேலை அது.

வீட்டிலேயே செய்துபார்க்க நினைப்பவர்கள் சிறு உரசலைத் தாராளமாகச் சரிசெய்யலாம். டயரைக் கழற்றக்கூட வேண்டாம். கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, டயருக்கும் ரிம் விளிம்புக்கும் இடையே பழைய சீட்டுக்கட்டிலிருந்து சீட்டுகளைச் சுற்றிலும் செருகினால், சாயம் ரப்பரில் படாது. தீபாவளிக்கு வாங்கிய கட்டில் ஒன்று இரண்டு காணாமல் போயிருக்கும், மிச்சத்துக்கு இது நல்ல உபயோகம். மெல்லிய பூச்சாகப் பலமுறை அடியுங்கள். வேலை முடிந்ததும் காற்றை மறுபடி அளவுக்கு ஏற்ற மறக்காதீர்கள்.

ஆனால் இரட்டை நிற ரிம்மில் இது நடக்காது. முகப்பில் கறுப்பு, அதன் மேல் இசைத்தட்டு மாதிரி மெல்லிய வட்டக் கோடுகளோடு பளபளக்கும் உலோகம். இதைக் கணினிக் கடைசல் எந்திரத்தில்தான் திரும்பக் கொண்டுவர முடியும். எந்திரத்தின் ஊசி ரிம்மின் வளைவைத் தொட்டுத் தொட்டு அளந்து, ஒரு மில்லிமீட்டரின் சில பத்தில் ஒரு பங்கை மட்டும் சீவி எடுக்கும். ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது என்பதால் இதற்கு ஓர் எல்லை உண்டு. உரசிய இரட்டை நிற ரிம்மை நாள்கணக்கில் அப்படியே விட்டால், கிளியருக்கு அடியில் ஈரம் புகுந்து வெள்ளைப் புழுக்கள் மாதிரி கோடுகள் ஊரத் தொடங்கும். பிறகு சின்ன உரசலுக்காக முழு முகத்தையும் கடைய வேண்டி வரும்.

நாலாவது ரிம்

மூன்று ரிம்களில் அன்றைய வேலை முடிந்துவிட்டது. பின் இடது ரிம்மைக் கழுவிக்கொண்டிருந்த பையன், தூரிகையை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டான்.

அந்தச் சக்கரத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு தொல்லை இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை காற்று குறையும். வேறொரு கடையில் வால்வை மாற்றினார்கள், குறைவது நிற்கவில்லை. ஆணி இல்லை, ஓட்டை இல்லை, அதனால் பெட்ரோல் நிலையத்தில் காற்று ஏற்றிக்கொண்டே ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறேன். அதே சக்கரத்தில் மனைவி, பிள்ளைகளோடு ஈப்போ வரைக்கும் போய்வந்திருக்கிறேன்.

பட்டறைக்காரர் ரிம்மின் உள்சுவரில் ஒரு சாண் அளவுக்குப் பழைய சாயத்தைச் சுரண்டினார். அடியில் புடைத்த தழும்பு ஒன்று வெளிவந்தது. யாரோ எப்போதோ வெல்டிங் வைத்து, அரைத்து மழுக்கி, மேலே வெள்ளிச் சாயம் பூசிய தழும்பு. அவர் அதன் மேல் சிவப்புத் திரவத்தைத் தெளித்து, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்து, வெள்ளை மாவு போன்ற ஒன்றை அடித்தார். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைப் பரப்பில், தழும்பின் ஓரத்தை ஒட்டியே, மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி எழுந்தது.

விரிசல் பழைய இடத்தில் வரவில்லை, தழும்பின் ஓரத்தில் வந்திருந்தது. அதற்குக் காரணம் உண்டு. வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றி, உருகாமல் வெறுமனே சூடேறிய ஒரு பட்டை இருக்கும். அந்தப் பட்டையில்தான் டி6 பதம் போய் உலோகம் மென்மையாகியிருக்கும். பள்ளத்தில் விழுந்து எழும்போது சுமை அங்கேதான் தன் பலவீனத்தைத் தேடும். மொத்தச் சந்தைக்குப் போகும் லாரிகள் இரவு முழுக்க ஓடுகிற செலாயாங் சாலைகளில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை.

"அண்ணே, மறுபடி ஒரு வெல்டிங் வச்சு இதையும் சேர்த்து அடிச்சு விட்டுருங்களேன்" என்றேன். வேண்டுமென்றே கேட்கவில்லை. ஒரு ரிம் குறைந்தால் செட்டு கெட்டுப்போகுமே என்ற எண்ணத்தில் வாயில் வந்துவிட்டது.

"அடிச்சா மத்த மூணு மாதிரியே இருக்கும் தம்பி. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் அடையாளம் தெரியாது. அதுக்குத்தான் பயப்படுறேன்" என்றார். "புள்ளைங்கள உக்கார வச்சி ஓட்டுறீங்க."

போனில் ஏன் விலை சொல்வதில்லை என்பது அப்போது புரிந்தது. படத்தில் தெரிவது தோல் மட்டும். இந்தத் தொழிலில் நல்ல பட்டறைக்கும் மோசமான பட்டறைக்கும் உள்ள வித்தியாசம், முடித்துக் கொடுத்த ரிம்மின் பளபளப்பில் தெரியவே தெரியாது. இரண்டும் ஒரே மாதிரி மின்னும். பூசுவதற்கு முன் என்ன பார்த்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே உங்கள் ரிம்மைக் கொடுக்கும்போது, சாயம் நீக்கிக் கழுவிய நிலையில், உள்சுவரோடு சேர்த்து எனக்குக் காட்டுங்கள் என்று கேளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் படம் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாம் கையாகக் கார் வாங்குபவர்களும், ஹாஃப்-கட் கடையில் பழைய ரிம் எடுப்பவர்களும் இதை இன்னும் பிடிவாதமாகக் கேட்க வேண்டும். ஆரக்காலின் பின்புறம் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகள் வார்ப்பிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். முத்திரை இருப்பது நல்லது, ஆனால் அந்த முத்திரைக்குப் பிறகு ரிம் என்ன பாடு பட்டது என்பதை அது சொல்லாது. காரணம் தெரியாமல் வாராவாரம் காற்று குறைந்தால், வால்வோடு தேடலை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன்.

டயரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஓரக்கல்லில் பலமாக மோதியிருந்தால் டயரின் பக்கச்சுவரில் குமிழ் எழும்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உள்ளே நூலிழைகள் அறுந்தால்தான் குமிழ் வரும், அதற்கு ஒட்டு கிடையாது. தைப்பூசத்தன்று பத்துமலையைச் சுற்றி ஓரக்கல் மேல் பாதிச் சக்கரத்தை ஏற்றி நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் சாமி பார்க்கப் போகிறோம். அந்த நேரமெல்லாம் கல்லின் முனை பக்கச்சுவரை நசுக்கிக்கொண்டே இருக்கிறது. ஏற்றியே தீரவேண்டும் என்றால், கல்லுக்கு நேராக, மெதுவாக, சக்கரம் முழுவதுமாக ஏறும்படி நிறுத்துவது மேல். கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பது அதைவிட மேல்.

பட்டறையில் இன்னொன்றையும் கவனித்தேன். சாயத் துப்பாக்கியைக் கழுவிய தின்னரை அவர்கள் மூடியிட்ட தகரத்தில் சேர்த்து வைத்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை. சாயம், வார்னிஷ் கழிவுகள் 2005-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகளின்படி அட்டவணையிட்ட கழிவுகள். அவற்றை லோங்காங்கில் ஊற்றக்கூடாது, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். 2020 செப்டம்பர் 3-ஆம் தேதியை நாம் மறந்திருக்க மாட்டோம். ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் தின்னர் போன்ற வாடை கலந்து, சுங்கை சிலாங்கூர் நீரை எடுக்கும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. கனரக எந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு தொழிற்கூடத்தை அதிகாரிகள் மூடி முத்திரை வைத்தார்கள். கோவிட் காலத்தில் கை கழுவக்கூடத் தண்ணீரின்றி வாளியோடு வரிசையில் நின்ற நம் அம்மாக்களை நினைத்துப் பார்த்தால், ஒரு பட்டறையின் தகர டப்பா எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

பையனைப் பற்றியும் எழுத வேண்டும். கிளியரில் கலக்கும் இறுக்கியில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. சுவாசத்தில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். காகித முகக்கவசம் அதைத் தடுக்காது. இங்கே பையனுக்குக் காற்றுக்குழாய் பொருத்திய முகமூடி இருந்தது. பல இடங்களில் வெறும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நம் பிள்ளைகள் ஸ்பிரே அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். எஸ்பிஎம்மோடு படிப்பை நிறுத்திப் பட்டறைக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் கார் உடல் சீரமைப்பிலும் சாயம் பூசுவதிலும் எஸ்கேஎம் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. அந்தப் பாடத்தில் முகமூடியும் ஒரு பாடம். கைத்தொழில் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சான்றிதழையும் வாங்கிக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

மறுநாள் வெயில் இருந்தது. கிளியர் அடித்துக் காய்ந்து, டயர் ஏறி, பேலன்சிங் ஈயங்கள் உள்பக்கம் ஒட்டப்பட்டன. ஒரு ரிம்முக்கு 120 வெள்ளி, மூன்றுக்கு 360. நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் அப்படியே முடுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சை 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வைத்துக் கையால் இறுக்கினார். "அம்பது, நூறு கிலோமீட்டர் ஓடினதும் வாங்க. இன்னொரு தடவ இறுக்கிப் பாத்துருவோம்." நாலாவது இடத்தில் என் ஸ்பேர் டயரின் கறுப்பு இரும்பு ரிம். மூன்று வெள்ளி நிற ரிம்களுக்கு நடுவே அது தனியாகத் தெரிந்தது. அதே அளவில், அதே நாலு துளையில் ஒரு நல்ல ரிம் கிடைக்கும்வரை மெதுவாக ஓட்டச் சொன்னார்.

விரிசல் விழுந்த ரிம்மை எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பழைய உலோகக் கடைக்காரர் வியாழக்கிழமை வருவார், அலுமினியத்தைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார் என்றார். கார் கதவைத் திறந்தபோது பின்னால் கிரைண்டர் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் என் ரிம்மைத் தரையில் கிடத்தி, காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விளிம்பிலிருந்து ஆரக்கால் வரை இரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குண்ணே? அப்படியே போட்டா ஆகாதா?"

கிரைண்டரை நிறுத்தாமலே சொன்னார். "முழுசா போட்டா திரும்பி வந்துரும் தம்பி."